புராஸ்டேட் வீக்கம்: ஓசூருக்கு எந்தச் சிகிச்சை முதலில் வேண்டும்?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்



ஆணின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயின் தொடக்கத்தைச் சுற்றி அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளவயதில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். நடுவயதுக்குப் பிறகு, டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனின் தூண்டுதலால் அதன் உட்பகுதி மெல்ல வளர்ந்து, நடுவே ஓடும் குழாயை நெருக்குகிறது. அறுபதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த மாற்றம் உண்டு. எண்பதைக் கடந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு உண்டு. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் நீர் சொட்டுச் சொட்டாகப் போவது, முக்கிப் போக வேண்டியிருப்பது, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுவது, இரவில் மூன்று நான்கு முறை எழ நேர்வது என அன்றாட வாழ்வை இது குலைத்துவிடுகிறது. முற்றினால் நீர் அடியோடு அடைத்துக்கொள்ளும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமும் கெடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இந்த நோய் இப்போது தனிக் கவனம் வேண்டும் பொருளாகிவிட்டது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் உருவானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற ஆலைகள் அடுத்த சில ஆண்டுகளில் அங்கே வேரூன்றின. 1980இல் இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. ஓசூரின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் மொத்தமாகப் புராஸ்டேட் வயதுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மாவட்டத்தின் மறுபுறம் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலையோரச் சிற்றூர்கள். ராகி விளையும் பருவத்தில் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இப்பக்கம் இறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. வீட்டுக்குள் கழிப்பறை இல்லாத முதியவர் அந்த மாதங்களில் இரவு மூன்று முறை வெளியே போக வேண்டியிருந்தால், புராஸ்டேட் வீக்கம் அவருக்கு உயிர் அச்சமாகவே ஆகிறது. அதே மாதங்களின் குளிரில் சளிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் சில, ஏற்கெனவே ஒடுங்கிய குழாயை முற்றாக மூடிவிடவும் கூடும்.

சிகிச்சையை எடைபோடும் முன் நோயை அளக்க வேண்டும். உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாளில் ஏழு கேள்விகள். மொத்தம் 35 மதிப்பெண். ஏழு வரை லேசான தொல்லை, 8 முதல் 19 வரை மிதமானது, 20 முதல் கடுமையானது. இதோடு சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ ஆகிய ரத்தப் பரிசோதனைகள், சுரப்பியின் அளவையும் போன பின் தேங்கும் நீரையும் காட்டும் ஸ்கேன், நீரின் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ ஆகியவை தேவை. எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதை இந்த எளிய அளவைகளே தீர்மானிக்கின்றன. இவை இல்லாத இடத்தில் புதிய கருவி வாங்கிப் பயனில்லை.

லேசான தொல்லைக்குப் பழக்க மாற்றமும் கண்காணிப்பும் போதும். அடுத்த படி மாத்திரை. டாம்சுலோசின் வகை மருந்துகள் சுரப்பியின் தசையைத் தளர்த்திச் சில நாட்களில் நிவாரணம் தருகின்றன, தலைசுற்றல் ஏற்படலாம். ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு ஆகியவை பெரிய சுரப்பியைச் சுருக்குகின்றன. பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். இவை பிஎஸ்ஏ அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதால், நோயாளி இவற்றை உண்பவர் என்பது தெரியாமல் அறிக்கையைப் படித்தால் புற்றுநோய் தவறவிடப்படும்.

மாத்திரைக்கு அடங்காதபோதும், நீர் அடைத்துக்கொள்வது, ரத்தக் கசிவு, நீர்ப்பைக் கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை வரும்போதும் அறுவை தேவைப்படுகிறது. பல பத்தாண்டுகளாக அளவுகோலாக நிற்பது டியுஆர்பி. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் திசுவைச் சீவி எடுப்பது அது. நீரின் வேகம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. பலன் பல ஆண்டுகள் நிற்கிறது. பழைய முறையில் கிளைசின் கரைசல் ரத்தத்தில் கலந்து சோடியத்தைக் குறைக்கும் அபாயம் இருந்தது. உப்புக் கரைசலில் இயங்கும் பைபோலார் கருவி அதை நீக்கிவிட்டது. முதுகில் ஊசி போட்டு மரக்க வைக்க வேண்டும்; ஓரிரு நாள் தங்க வேண்டும்; மூவரில் இருவருக்கு விந்து வெளிவராமல் நீர்ப்பைக்குள் திரும்பிவிடும். மிகப் பெரிய சுரப்பிக்கும், ரத்தக் கசிவு அபாயம் உள்ளவர்களுக்கும் ஹோல்மியம் லேசர் ஏற்றது. நியூசிலாந்தில் 1990களில் வடிவம் பெற்ற அந்த முறைக்குக் கைதேர்ந்த மருத்துவர் வேண்டும்.

சீவி எடுக்காமலே வழியைத் திறக்கும் சிறு சிகிச்சைகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்தவை. அவற்றில் மூன்று முதன்மையானவை.

முதலாவது யூரோலிஃப்ட். அமெரிக்காவில் 2013இல் ஒப்புதல் பெற்றது. சுரப்பியின் இரு புறமும் சிறு உலோகப் பிடிப்புகளை வைத்து, நூலால் இழுத்துக் கட்டி வழியை அகலமாக்குகிறது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்; தாம்பத்திய ஆற்றல் கெடுவதில்லை. சுரப்பியின் நடுமடல் நீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் வழக்கமாகப் பொருந்தாது. முதன்மை ஆய்வில் ஐந்து ஆண்டுகளுக்குள் 13.6 விழுக்காட்டினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. ஒவ்வொரு பிடிப்பும் ஒருமுறை மட்டுமே பயன்படும் பொருள் என்பதால் செலவும் அதிகம்.

இரண்டாவது ரெசூம் என்னும் நீராவிச் சிகிச்சை. 2015இல் ஒப்புதல் பெற்றது. 103 டிகிரி செல்சியஸ் நீராவியை ஒவ்வோரிடத்திலும் ஒன்பது விநாடி செலுத்துகிறார்கள். வெந்த திசுவை உடல் தானே கரைத்து வெளியேற்றுகிறது. சில நிமிட வேலை, முழு மயக்கம் கட்டாயமில்லை, நடுமடலுக்கும் பொருந்தும். ஆய்வில் ஐந்து ஆண்டில் மறு அறுவை 4.4 விழுக்காடு மட்டுமே. ஆனால் சில நாள் சிறுநீர் டியூபோடு இருக்க வேண்டும். எரிச்சல் சில வாரம் நீடிக்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். 30 முதல் 80 மில்லிலிட்டர் அளவுள்ள சுரப்பிகளிலேயே இந்த ஆய்வு நடந்தது. நீரின் வேகமும் டியுஆர்பி அளவுக்கு உயர்வதில்லை.

மூன்றாவது, ரத்தக் குழாய் அடைப்புச் சிகிச்சை. மணிக்கட்டு அல்லது தொடையின் தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்தி, புராஸ்டேட்டுக்கு ரத்தம் தரும் தமனிகளை நுண்மணிகளால் அடைக்கிறார்கள். சுரப்பி படிப்படியாகச் சுருங்குகிறது. பெரிய சுரப்பி உள்ள, மயக்கம் தாங்காத முதியவருக்கு இது ஒரு வழி. ரத்தக் குழாய்ச் சிகிச்சைக்கான கேத்லேபும், பயிற்சி பெற்ற ரேடியாலஜி மருத்துவரும் இல்லாமல் செய்ய முடியாது.

இவற்றை ஒப்பிட்டால் தீர்ப்பு தெளிவு. புதியது என்பதால் எதுவும் சிறந்ததாகிவிடாது. நீர் அடைத்து டியூபோடு மாதக் கணக்கில் இருப்பவருக்கும், சிறுநீரகம் கெடத் தொடங்கியவருக்கும் டியுஆர்பி அல்லது லேசரே முறையான வழி. மிதமான தொல்லையோடு, நடுத்தர அளவுச் சுரப்பியோடு, விந்து வெளியேற்றத்தைக் காத்துக்கொள்ள விரும்பும் ஐம்பது, அறுபது வயது ஷிஃப்ட் தொழிலாளிக்கு நீராவி பொருந்தும். இதய நோயாலோ நுரையீரல் நோயாலோ மயக்கம் கொடுக்க முடியாதவருக்கும் சிறு சிகிச்சைகளே துணை.

இன்று இந்தத் தேர்வு எல்லை தாண்டியவருக்கே கிடைக்கிறது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் பணம் இருந்தால் நீராவியும் உண்டு, லேசரும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம் ரூபாய். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் மகனோடு ஒரே குடும்ப அட்டையில் இருக்கும் தந்தை அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். அவருக்கு மிஞ்சுவது மகனின் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை. அதில் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ஐந்து ஆண்டுகளாவது இஎஸ்ஐயில் இருந்து பணி ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி மனைவியோடு மருத்துவ வசதி பெறலாம் என்பதும் அப்படியே.

ஆகவே அரசு செய்யத்தக்கவை வரிசையாக இவை.

ஒன்று, நோயைக் கண்டறிதல். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகும் அதே பணியாளர்கள், ஐம்பது கடந்த ஆண்களிடம் அந்த ஏழு கேள்விகளையும் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்கலாம்.

இரண்டு, ஓசூர் அரசு மருத்துவமனையிலும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சிறுநீரியல் அறுவை மருத்துவர், யூரோஃப்ளோ, பைபோலார் டியுஆர்பி ஆகிய மூன்றும் ஆண்டு முழுதும் தடையின்றிக் கிடைப்பதை உறுதி செய்தல். மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

மூன்று, நீராவிச் சிகிச்சையை ஒரே ஒரு மையத்தில் தொடங்குதல். கருவியைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே மொத்தமாக வாங்கினால் விலையைப் பேசிக் குறைக்கலாம். சிகிச்சை பெறும் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் நீரின் வேகத்தையும் ஓராண்டு பதிவு செய்த பிறகே விரிவாக்க வேண்டும்.

நான்கு, காப்பீட்டிலும் இஎஸ்ஐயிலும் இச்சிகிச்சைக்கான கட்டணத்தைத் தெளிவாக வரையறுத்தல். இதற்குத் தொழிலாளர் நலத் துறையோடு கலந்து பேச வேண்டியிருக்கும்.

நான்கில் இரண்டாவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை; பணியிடமும் கருவியும் ஒரு அரசாணையும் போதும். டியூபைச் சுமந்தபடி அறுவைக்குத் தேதி கேட்டு அலையும் முதியவருக்கு அதுவே முதல் நிவாரணம். அந்த அரசாணையை இந்த நிதியாண்டிலேயே பிறப்பிக்குமாறு, மாவட்டத்தின் மூத்த தொழிலாளர்கள், உழவர்கள் சார்பில் அமைச்சர் அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.