பல் இருக்கும் இடம் தேடி

என் அக்கா பையன் பல் டாக்டராகிவிட்டான். நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி, டெண்டல் கவுன்சிலில் பதிவு எல்லாம் ஆயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. போர்டை எங்கே மாட்டுவது?

"மாமா, சென்னையில ஒரு இடம் பார்த்துக் குடுங்க" என்று வந்து நின்றான். மாமாவாகப் பிறந்தால் சும்மா இருக்க முடியுமா? இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஸ்கூட்டருக்குத் தத்தம் செய்தேன்.

வேளச்சேரியில் ஒரு தெரு. நுழைந்ததுமே பெரிய கடைவாய்ப் பல் ஒன்று எங்களைப் பார்த்துச் சிரித்தது. போர்டு! பத்துக் கடை தள்ளி இன்னொரு பல். பிள்ளையார் கோயிலுக்கு எதிரே மூன்றாவது. "மனுஷனுக்குத்தான் 32. இந்தத் தெருவுக்கு எத்தனையோ!" என்றேன். பையன் சிரிக்கவில்லை.

அடுத்த தெருவில் ஓர் இடம் காலி. "டாக்டரா? ரொம்ப சந்தோஷம்" என்று வரவேற்ற வீட்டுக்காரர், பையன் விவரம் சொன்னதும் வெளிறிப் போனார். பல் டாக்டர் நாற்காலி சும்மா நாற்காலி இல்லை சார். தண்ணீர் வர ஒரு குழாய், துப்பியது போக ஒரு குழாய், காற்றுக்கு ஒன்று. பெரும்பாலும் தரைக்கடியில்தான் கொண்டுவர வேண்டும். "டைல்ஸை உடைப்பீங்களா!" என்று ஓர் அலறல். மயக்க ஊசி போடாமல் பல் பிடுங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

"மாடி கிடைக்குது. வாடகையும் குறைச்சல்" என்றேன்.

"பல்செட் கட்ட அளவு எடுக்க, கடி பார்க்க, போட்டுப் பார்க்கன்னு நாலஞ்சு தடவை வரணும் மாமா. பல் போனவங்கள்ல பாதிப் பேருக்கு முழங்காலும் போயிருக்கும்."

எக்ஸ்ரே மெஷின் வாங்கினால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிய வேண்டுமாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் ஒரே வாரியம்!

டீக்கடையில் மெதுவாகக் கேட்டேன்: "ஏன் மாப்ளே, மன்னார்குடியிலயே வெச்சா என்ன?"

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா வளையலை வெச்சுத்தான் மாமா நாற்காலி வாங்கப் போறோம். ஊர்ல உட்கார்ந்தா, 'சென்னையில ஓடலை, திரும்பிட்டான்'னு பேசுவாங்க. வர்றவங்களும் நம்ம பையன்தானேன்னு காசு தரமாட்டாங்க. வளையல் மூழ்கிடும்."

இப்போது நானும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மன்னை எக்ஸ்பிரஸில் இருவரும் ஊருக்குப் போனோம். போர்டுகளை எண்ணவில்லை, நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போனோம். "பல்வலிக்கு மாத்திரை கேட்டு வர்றாங்களா?" என்றதற்குக் கடைக்காரர், "தினம் வர்றாங்க தம்பி. அதே ஆளே திரும்பத் திரும்ப வர்றாரு" என்றார். பையன் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம். மாத்திரையால் வலி அடங்கும், சொத்தை அடங்குமா? அது பாட்டுக்கு உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஊரில் ஒரு வயதான பல் டாக்டரையும் பார்த்தோம். போட்டிக்கு வந்தவனை விரட்டுவார் என்று நினைத்தேன். காபி கொடுத்தார். "இன்னிக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு கணக்குப் போடாதேப்பா. நீ அடைச்ச பல்லு பத்து வருஷம் கழிச்சு வலிச்சா, அவன் அதே படியேறி வருவான். அப்ப நீ அங்கே இருப்பியா? இருப்பேன்னு தோணற இடத்துல போர்டு மாட்டு" என்றார்.

திரும்பும் வழியில் பையன் பேசவே இல்லை. கடைத்தெருவில் தரைத்தளத்தில் ஓர் இடத்தின் முன்னால் நின்றான். குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தான். சிமென்ட் தரை. டைல்ஸ் இல்லை!

திறப்பு விழாவன்று முதல் பேஷண்ட் அடியேன்தான். பல்லைச் சுத்தம் செய்துவிட்டு பில்லை நீட்டினான். 500 ரூபாய்.

"டேய், மாமாடா!"

"சொந்தக்காரங்களுக்கு இலவசம்னு ஆரம்பிச்சா, மன்னார்குடி முழுக்க சொந்தக்காரங்கதான் மாமா" என்றான் பணிவாக.

பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். சுத்தமான பல், சத்தமே வரவில்லை. வளையல் சீக்கிரம் மீண்டுவிடும் என்றுதான் தோன்றுகிறது.