புதுத் தந்தியின் பிடிவாதம்

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "நவராத்திரிக்கு ஐந்தே நாள். பெண்ணின் வீணைக்குப் புதுத் தந்தி போட்டோம். கூட்டிய சுருதி பத்து நிமிஷம் நிற்கவில்லை. 'இவளுக்குக் காதே இல்லை' என்கிறார் என் மாமியார். வகுப்பை நிறுத்திவிடட்டுமா?"

நிறுத்தாதீர்கள், அம்மா! காது இருப்பதால்தானே சுருதி இறங்கியது அவளுக்குத் தெரிகிறது?

குற்றம் தந்தியுடையது. புதுக் கம்பி முறுக்கேறியதும் சற்று நீளும், பிரடையில் சுற்றிய சுற்றும் இறுகும், சுருதி இறங்கிவிடும். விரலால் கம்பியை மெல்ல இழுத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். நாலைந்து தடவை; இரண்டு நாள் பொறுமை. எப்போதும் கீழிருந்து ஏற்றியே நிறுத்த வேண்டும். கூடிப்போனால் நன்றாகத் தளர்த்திவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். பிரடை வழுக்கினால் கொஞ்சம் சாக்குக்கட்டிப் பொடி. ஏழு தந்திகளையும் ஒரேயடியாகக் கழற்றாமல், ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

இன்னும் சந்தேகமா? தடித்த அனுமந்தரத் தந்தியை வெறுமனே மீட்டுங்கள். பிறகு பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்க வேண்டும். (பேஸ் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளும் இப்படித்தான் பார்க்கிறார்கள்!) கேட்காவிட்டால், கம்பி பழைய பருமனில் இல்லை, அல்லது மெட்டைத் தாங்கும் மெழுகு நகர்ந்திருக்கிறது. கம்பியை மாற்றிக்கொள்ளலாம். மெழுகில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். மேளம் கட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

நாளைக் காலை மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெண்ணையே சுருதி கூட்டச் சொல்லுங்கள்.