ஆமைக்குஞ்சோட ஒரு செல்பி

காசு கட்டித் தொண்டு செய்யிறதைக் கேள்விப்பட்டிருக்கிறீங்களா? தெற்கே கொஸ்கொட பக்கம் போய்ப் பாருங்கோ. வெளிநாட்டுப் பெடி பெட்டையள் வாரக்கணக்குக்குக் கட்டணம் கட்டி, கடலாமைக் குஞ்சு பொரிப்பகங்களில தொட்டி கழுவுகினம். குஞ்சைக் கையில ஏந்திப் படம் போடுகினம்.

பொரிச்ச குஞ்சு முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தும். கரையோர எதிரிகளைத் தாண்டி ஆழ்கடல் சேர இயற்கை குடுத்த பலம் அது. வாறவை பார்க்கவெண்டு நாட்கணக்கில தொட்டியில வைச்சால், அந்தப் பலம் சுவரில முட்டியே தீர்ந்துபோகும். இதுவா பாதுகாப்பு?

அந்தப் பிள்ளையளில எனக்குக் கோபமில்லை. நல்ல மனசோடதான் வருகினம். கோபம் எங்களில. மாலைதீவில பவளப்பாறை காக்க விண்ணப்பம் தேடுகிற நாங்கள், குருநகர்க் கரையில ஒரு விடியக்காலையாவது நிண்டிருப்பமா? இந்திய றோலர்கள் கடலடியை வழிச்சு அள்ளுது எண்டு கத்துறம். கத்தத்தான் வேணும். ஆனால் எங்கட ஆக்களும் இழுவைமடி இழுத்தவைதானே? 2017இல அதைத் தடைசெய்து இலங்கையில சட்டமே வந்தது. அதைப்பற்றி மட்டும் ஏன் வாய் திறக்கிறமில்லை?

எந்த மீன் எப்ப குறைஞ்சது, எந்தப் பாறை எப்ப செத்தது எண்டு தெரிஞ்ச கடற்றொழிலாளர் இன்னும் இருக்கினம். அவையிட்டக் கேட்டு எழுதுவம். கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு இதைவிடப் பொருத்தமான தொண்டு எது? கட்டணமும் இல்லை.

என்ன, படம்தான் அவ்வளவு வடிவா வராது.