பேஸ் விலகினால் பழி பாடுறவருக்கு

"பிள்ளைக்கு நல்ல குரல், ஆனா சுருதி நிக்கேல்லை." நம்மட மேடை நிகழ்ச்சிகள் முடிய, கதிரை அடுக்கிக்கொண்டே சனம் சொல்லுற விமர்சனங்களில் இதுக்குத்தான் முதலிடம். கீபோர்ட் வாசிச்சவரைப் பற்றி ஒரு வார்த்தை வரும். ட்ரம்ஸ் அடிச்சவருக்குக் கைதட்டல் அப்பவே கிடைச்சிருக்கும். பேஸ் கிற்றார் வாசிச்சவரைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கதைக்கமாட்டினம். நல்லா வாசிச்சாலும் கதைக்கமாட்டினம், கூடாமல் வாசிச்சாலும் கதைக்கமாட்டினம்.

பேஸ் வாசிக்கிறவருக்கு இது வசதிதான். ஆனால் நியாயமில்லை. பேஸின் சுருதி கொஞ்சம் விலகியிருந்தால், கேட்கிறவர்களுக்கு அது பேஸில் இருந்து வருகிற பிழை என்று பிடிபடாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். அந்தப் பழியை, முன்னால் மைக்கோடு நிற்கிறவரின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே எந்த டியூனர் வாங்குவது என்ற கேள்வியை, கருவிப் பைத்தியங்கள் தங்களுக்குள் கதைக்கிற விஷயம் என்று ஒதுக்க முடியாது. இன்னொருவரின் பெயர் அதில் இருக்கிறது.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மேடையில் பேஸ் வாசிக்கிறவருக்குக் காலடியில் ஒரு பெடல் டியூனர் கட்டாயம். கிளிப் டியூனர் வீட்டுக்கு நல்லது. போனில் இருக்கிற செயலி தனியாகப் பழகுகிற அறைக்கு நல்லது. இரண்டும் மேடைக்குப் போதாது. அதே நேரம், பெடலிலும் விலை கூடினதைத் தேடி ஓடத் தேவையில்லை.

"எங்களுக்கு டியூனர் எல்லாம் இருக்கேல்லை தம்பி, காதாலதான் பிடிச்சனாங்கள்" என்று மூத்த அண்ணைமார் சொல்லுவினம். அது பொய்யில்லை. கையில் கொண்டு திரியக்கூடிய எலெக்ட்ரோனிக் டியூனரை ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1975 இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன்னும் நல்ல இசை இருந்தது. காதைப் பழக்காமல் டியூனரை மட்டும் நம்புகிறவர் நல்ல வாசிப்பாளர் ஆகவும் மாட்டார். ஆனால் பேஸ் விஷயத்தில் காதுக்கு ஒரு எல்லை இருக்கு. அதைக் கணக்காகவே பார்க்கலாம்.

நாலு கம்பி பேஸில் ஆகத் தடித்த ஈ கம்பி செக்கனுக்கு 41.2 தடவை அதிர்கிறது. ஏ கம்பி 55, டி 73.4, ஜி 98. ஐந்து கம்பி பேஸ் என்றால் கீழே இருக்கிற பி வெறும் 30.9. அரைச்சுர இடைவெளி ஒன்றை 100 சென்ற் என்று பிரிப்பார்கள். ஈ கம்பி 10 சென்ற் விலகினால், அதிர்வில் வருகிற வித்தியாசம் செக்கனுக்கு 0.24 தான். சரியான ஈயோடு சேர்த்துக் கேட்டால் இரண்டும் மோதி 'வாவ்... வாவ்...' என்று ஒரு அலைப்பு வரவேண்டும் அல்லவா? இந்த வித்தியாசத்தில் அந்த அலைப்பு நாலு செக்கனுக்கு ஒரு தடவைதான் வரும். சவுண்ட் செக் நடக்கிற சத்தத்துக்குள் நாலு செக்கன் காத்திருந்து அதைக் கேட்பது யார்?

அப்படியென்றால், கேட்காத பிழை எப்படிப் பிழையாகும்? ஒரு கம்பி அடிச்சுரத்தை மட்டும் தருவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேற்சுரங்களும் கூடவே வரும். ஈ கம்பியின் எட்டு மடங்கு 330 ஹேர்ட்ஸ் அளவில் நிற்கிறது. பெண் குரல் சாதாரணமாக உலாவுகிற இடம் அது. அங்கே அதே 10 சென்ற் விலகல் கிட்டத்தட்ட 2 ஹேர்ட்ஸ் ஆகிவிடும். கீபோர்ட்டின் ஈயோடு மோதி, செக்கனுக்கு இரண்டு தடவை அலையும். அதாவது அடியில் பிடிபடாத பிழை, பாடுகிறவரின் இடத்தில்தான் வந்து ஆடும். கீபோர்ட் ஒரு பக்கம் இழுக்கிறது, பேஸ் இன்னொரு பக்கம் இழுக்கிறது. அந்தப் பிள்ளை எதைப் பிடிச்சுப் பாடுறது?

போன் செயலி மைக்கால் கேட்கிறது. மைக்குக்கு உங்கள் கம்பியும் ஒன்றுதான், பக்கத்தில் சோதித்துப் பார்க்கிற ட்ரம்ஸும் ஒன்றுதான். போதாததுக்கு, மேடையில் குனிந்து போனைப் பார்க்கிற ஆளைக் கண்டால் வாட்ஸ்அப் பார்க்கிறார் என்றுதான் சனம் நினைக்கும்.

கிளிப் டியூனரைப் பலர் விரும்புவதற்குக் காரணம் இருக்கு. மலிவு, பைக்குள் அடங்கும், கிற்றாரின் தலையில் கொளுவிவிட்டால் சரி. அதற்குள் இருக்கிற பீசோ உணரி, மரத்தின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. பிரச்சினையும் அங்கேதான். அந்த அதிர்வு யாருடையது என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் ட்ரம்ஸ்காரர் உதைக்கிற பெரிய ட்ரம், பின்னால் அதிர்கிற அம்ப், காலுக்குக் கீழே ஆடுகிற மேடைப் பலகை, எல்லாம் சேர்ந்து கிற்றாரின் மரத்துக்குள் வருகின்றன. தடித்த கம்பியின் அடிச்சுரமோ தலைப்பகுதியில் பலவீனமாகத்தான் இருக்கும். அதனால் நீங்கள் ஈ கம்பியைத் தட்ட, டியூனர் பி என்று காட்டும். அது பழுதில்லை. ஈயின் மூன்றாவது மேற்சுரம் பிதான், அடிச்சுரம் கிடைக்காமல் அது அதைப் பிடித்துவிட்டது.

பெடலுக்கு இந்தத் தொல்லை இல்லை. வயர் வழியாக உங்கள் கம்பியின் சமிக்ஞை மட்டும்தான் அதற்குள் போகிறது. பொஸ் நிறுவனம் 1998 இல் டி.யூ.-2 பெடலையும், 2010 இல் டி.யூ.-3 பெடலையும் வெளியிட்டது. இப்போது பல நிறுவனங்கள் இந்த வகையைச் செய்கின்றன. ஆகவே கேள்வி, அவற்றில் எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான்.

நான் முதலில் பார்ப்பது துல்லியத்தை இல்லை, மௌனத்தை. பெடலை மிதித்ததும் அம்புக்குப் போகிற சத்தம் முழுதாக நிற்கவேண்டும். நம்மட நிகழ்ச்சிகளின் ஒழுங்கு தெரியும்தானே: மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. இவ்வளவும் முடியும்வரை இசைக்குழு கருவிகளோடு ஓரத்தில் காத்திருக்கும். மேடை விளக்குகளின் வெக்கையில் உருக்குக் கம்பி விரிந்து இளகும், சுருதி இறங்கும். முதலில் பிடித்த சுருதி, பாட்டுத் தொடங்கும்போது அப்படியே இருக்கும் என்று நம்ப ஏலாது. மௌனமான டியூனர் இருந்தால் உரை நடக்கும்போதே ஒருவருக்கும் தெரியாமல் சரிபார்க்கலாம். இல்லாவிட்டால் இரண்டு வழிதான் இருக்கு. ஆசியுரைக்கு நடுவில் 'டூம்... டூம்...' என்று தட்டவேண்டும், அல்லது விலகின கம்பியோடேயே முதல் பாட்டைத் தொடங்கவேண்டும்.

இதில் ஒரு சின்னக் கவனம். டி.யூ.-3 போன்ற சில பெடல்களில் 'பைபாஸ்' என்று இரண்டாவது வெளியீடு ஒன்று இருக்கும். அதில் வயரைக் கொளுவினால் டியூனர் வேலை செய்யும்போதும் சத்தம் வெளியே போகும். மேடைக்கு மற்ற வெளியீட்டைத்தான் பாவிக்கவேண்டும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. கடையில் முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் எல்லாம் வடிவாகத் தெரியும். நிலத்தில் வைத்து, நிமிர்ந்து நின்று பாருங்கோ. முடிந்தால் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலிலும் பாருங்கோ. திறந்தவெளியில் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குகிற நிகழ்ச்சிக்கு, இருட்டறையில் மட்டும் தெரிகிற விளக்கு உதவாது.

மூன்றாவது, அடிக்கம்பியை எவ்வளவு கெதியாகப் பிடிக்கிறது என்பது. ஈ கம்பியின் ஒரு அதிர்வு முடியவே ஒரு செக்கனின் நாற்பதில் ஒரு பங்கு எடுக்கும். டியூனருக்கு அப்படிப் பல அதிர்வுகள் வேணும். அதனால் கிற்றாருக்கு நன்றாக வேலை செய்கிற டியூனர் பேஸுக்குத் தடுமாறலாம். கடைக்காரரின் கிற்றாரில் சோதிக்காமல் உங்கட பேஸைக் கொண்டுபோய், தடித்த கம்பியைத் தட்டிப் பாருங்கோ. காட்டி ஆடாமல் நின்றால் நல்லது. ஐந்து கம்பிக்காரர் பி கம்பியைச் சோதிக்காமல் காசு குடுக்கக்கூடாது.

நாலாவது, மின்சாரம். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ற் வேணும். அடப்டர் என்றால் முனை எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் எதிர் என்று பெடலில் போட்டிருக்கிற படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பற்றரி போடுகிறவர்கள் வாசித்து முடிந்ததும் உள்ளே போகிற வயரைக் கழற்றிவிடுங்கோ. பல பெடல்களில் அந்த வயர் இருக்கும்வரை பற்றரி கரைந்துகொண்டே இருக்கும்.

துல்லியத்தைக் கடைசியில் வைத்தது வேணுமென்றுதான். டி.யூ.-3 ஒரு சென்ற் அளவுக்குக் காட்டும். பீற்றர்சன் போன்ற நிறுவனங்களின் ஸ்ட்ரோப் டியூனர்கள் 0.1 சென்ற் வரை காட்டும். கிற்றார் திருத்துகிற மேசையில் அந்த 0.1 க்குப் பெறுமதி இருக்கு. மேடையில் இல்லை. பேஸ் கம்பியைப் பலமாகத் தட்டினால் முதல் கணம் சுருதி மேலே ஏறி, பிறகுதான் இறங்கி நிற்கும். விரலால் ஃப்ரெட்டில் கூட அமத்தினாலும் ஏறும். உங்கட கையே இவ்வளவு ஆட்டும்போது 0.1 க்காகக் கூடுதல் காசு குடுப்பது வீண். எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் தட்டிப் பார்க்கிற வகையும் அப்படித்தான். ஆறு கம்பிக் கிற்றாருக்கு அது நேரத்தை மிச்சம் பிடிக்கும், நாலு கம்பிக்கு அவசியமில்லை.

வாங்கின பிறகு பாவிக்கிற முறையும் இருக்கு. பெருவிரலால் மெதுவாகத் தட்டுங்கோ. முதல் ஏற்றம் அடங்கிக் காட்டி நின்றபிறகு வாசியுங்கோ. டோன் திருகியைக் குறைத்தால் மேற்சுரங்கள் அடங்கி டியூனருக்கு வேலை சுகமாகும். சுருதி கூடியிருந்தால் நன்றாக இறக்கிவிட்டு, கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கோ. மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் திருகியில் தங்கின இளக்கம் முதல் பாட்டிலேயே வெளிவரும். ஈ கம்பியை டியூனர் பிடிக்கத் தடுமாறினால் 12 ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே விரலை மெல்லத் தொட்டுத் தட்டுங்கோ. அப்போது 82.4 ஹேர்ட்ஸ் வரும். அதை அது கெதியாகப் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல், பெடல் 440 இல் நிற்கிறதா என்று பாருங்கோ. பையுக்குள் கிடந்து பொத்தான் அமந்து 442 ஆகியிருந்தால், நாலு கம்பியும் பச்சை விளக்குக் காட்டும், ஆனால் முழு பேஸும் கீபோர்ட்டைவிட 8 சென்ற் கூட நிற்கும். ஆர்மோனியமோ நாதஸ்வரமோ சேர்கிற பாட்டு என்றால் நிலைமை வேறு. அவற்றை எங்களுக்கு ஏற்ற மாதிரித் திருத்த ஏலாது, நாங்கள்தான் அவற்றிடம் போகவேண்டும். அந்த இடத்தில் மூத்த அண்ணைமார் சொல்லுற காது திரும்பவும் வேலைக்கு வரும். டியூனர் ஒரு எண்ணோடுதான் ஒப்பிடுகிறது. பக்கத்தில் நிற்கிறவரோடு ஒப்பிடுவது உங்கட வேலை.

காசு? பெடல் டியூனருக்குக் கிளிப்பைவிடப் பல மடங்கு விலை. படிக்கிற பொடியளுக்கு அது சின்னத் தொகை இல்லை என்று தெரியும். அதனால்தான் இதைத் தனி ஆளின் செலவாகப் பார்க்காமல் இசைக்குழுவின் செலவாகப் பாருங்கோ என்கிறேன். மைக்குக்கும் வயருக்கும் எல்லாரும் சேர்ந்து காசு போடுறம்தானே. பாவித்த பெடல் என்றாலும் பரவாயில்லை. மிதிக்கிற ஆளி ஒவ்வொரு தடவையும் சத்தத்தை நிறுத்துகிறதா, வயர் துளைகள் இளகியிருக்கிறதா, காட்டியின் விளக்குகள் எல்லாம் எரிகிறதா என்று பார்த்தால் போதும். ஏற்கெனவே கிளிப் வைத்திருப்பவர்கள் எறிய வேண்டாம், பின்னறையில் பாவிக்கலாம், பெடல் பழுதானால் கைகுடுக்கும்.

புதிதாக இசைக்குழு தொடங்குகிறவர்கள் போடுகிற பட்டியலில் டிஸ்ரோஷன் பெடலும் ஐந்து கம்பி பேஸும் மேலே இருக்கும். டியூனர் கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதை முதல் வரிக்குக் கொண்டுவாங்கோ. பாடுகிற பிள்ளை கிழமைக்கணக்காகப் பழகிவிட்டுத்தான் மேடைக்கு வருகிறாள். பிழைத்தால் திட்டு வாங்கப்போவதும் அவள்தான். அவளுக்குக் கீழே நேரான சுருதி ஒன்றைக் குடுக்க எங்களுக்குத் தேவைப்படுவது ஒரு பெடலும், பாட்டுக்கு முன் ஒரு நிமிசமும்.