விலாசம் தவறிய கடிதம்

நம் தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர் உண்டு. நீலகிரியிலும் ஒரு கூடலூர் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் எழுதி விடுத்த கடிதம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வாராது நீலகிரி ஏறிவிட இடமுண்டு. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அஞ்சல் குறியீட்டு எண் ஏற்பட்டபின், 625 என்று தொடங்குவன இங்கும் 643 என்று தொடங்குவன அங்கும் செல்லலாயின. எண் தவறினும் நல்ல தபாற்காரர் கைவிடுவதில்லை. தேநீர்க்கடையில் வினவுவார், தகப்பனார் பெயரைக்கொண்டு வீட்டை அறிவார், ஒன்றும் இயலாதாயின் திருப்பியனுப்புவார்.

மின்னஞ்சலுக்கோ அத்தகைய தபாற்காரர் இல்லை. பிழைபட்ட விலாசம் எவருக்கும் உரியதன்றாயின் கடிதம் பெரும்பாலும் திரும்பிவரும். நாமும் பிழையை உணர்வோம். அது பிறரொருவருக்கு உரியதாயின், ஓசையின்றி அவரிடம் சேர்ந்துவிடும். அனுப்பியவர் சேர்ந்ததென்று அமைந்திருப்பார். உரியவர் வரவில்லையே என்று ஏங்குவார். தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தால் எழுதும் நமக்கு இவ்விடர் மிகுதி. கனிமொழியின் ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் ஈரெழுத்தாலும் எழுதுகின்றனர்.

இது கல்லாதார் பிழையென்று எண்ணற்க. அமெரிக்க இராணுவத்தாரின் விலாசம் ‘எம்.ஐ.எல்.’ என்று முடியும். இடையெழுத்து விடுபட்டால் அது மாலி நாட்டிற்குரிய விலாசமாகும். அவ்வாறு இலட்சக்கணக்கான கடிதங்கள் வழிதவறியமை 2023இல் வெளியாயிற்று. மாலியின் விலாசங்களை நிருவகித்துவந்த ஒல்லாந்தர் ஒருவரே அதனை எடுத்துரைத்து எச்சரித்தார்.

நிற்க. உரியவரைத் தேடுவது எங்ஙனம்? எழுத்தை மாற்றி மாற்றி ஊகித்து ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு விடுத்தல் தகாது. அதிலுள்ள மதிப்பெண்ணும் வங்கிக்கணக்கும் பத்துப் பேருக்கு வெளியாகும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதமாயின் விண்ணப்பத்திலுள்ள தொலைபேசி எண்ணில் அழைக்கலாம்; சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ அவர் பயின்ற பள்ளியில் வினவலாம்; அஞ்சலட்டை ஒன்று எழுதலாம். இச்சிறு முயற்சியையும் நாம் செய்யாது கடைசி நாள் கடந்துவிட்டால், திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை செய்யும் தாயொருத்தியின் மகள் ஓராண்டை இழப்பாள்.

பிறர் கடிதம் நம்மிடம் வந்தாலோ, ‘தாங்கள் தேடுபவர் யான் அல்லேன்’ என்று ஒருவரி எழுதுதல் நம் கடன். வஞ்சகக் கடிதங்கள் மலிந்த இக்காலத்தில் அறியாதார்க்கு மறுமொழி எழுதலாகாது என்பாரும் உளர். அவர் அச்சம் நியாயமே. ஆயினும் பெயரும் ஊரும் குறித்து, பணமோ கடவுச்சொல்லோ கேளாது வந்த கடிதத்தை இனங்காண்பது கற்றார்க்கு அரிதோ? அதிலுள்ள இணைப்பைத் தொடாமலே ஒருவரி எழுதலாம். தபாற்காரர் இல்லாத அவ்வீதியில், மாணாக்கரே, நாமே தபாற்காரர்.