கறுப்பு அங்கியும் பழைய ஏடும்

302 என்றால் கொலை. 420 என்றால் மோசடி. சட்டக் கல்லூரியின் வாசற்படியை மிதித்தறியாத மூட்டை தூக்கும் தோழருக்கும் தெரிந்த எண்கள் இவை. தேநீர்க் கடையிலே, திரைப்படத்திலே, தெருச் சண்டையிலே நூறாண்டுக்கு மேலாக உலவி வந்த எண்கள்.

2024 ஜூலை 1-ஆம் நாள் அந்த எண்கள் மாறிவிட்டன. 1860-ல் பிறந்த இந்தியத் தண்டனைச் சட்டம் போயிற்று; 1872-ன் சாட்சியச் சட்டம் போயிற்று; 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் போயிற்று. அவை இருந்த இடத்திலே, பாரதீய நியாய சன்ஹிதா, பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதீய சாக்ஷ்ய அதிநியம் என்று, தமிழன் நாவிலே தடுக்கி விழும் பெயர்களோடு மூன்று சட்டங்கள் வந்து அமர்ந்தன. கொலைக்கு இன்று 103. மோசடிக்கு 318. பழைய பழக்கத்திலே 302-ஐத் தேடிப் போனால், மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கான பிரிவு அங்கே உட்கார்ந்திருக்கிறது!

எண்தானே மாறிற்று, அதனாலே ஏழைக்கு என்ன என்று கேட்கலாம். எண் மட்டும் மாறியிருந்தால் நாமும் கவலைப்படமாட்டோம்.

ஒரு கூலித் தொழிலாளி. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டிக்கப்படாதவர். 7 ஆண்டு வரை தண்டனை தரக்கூடிய ஒரே ஒரு குற்றச்சாட்டிலே சிறைக்குள் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு நகரவில்லை, பிணை கிடைக்கவில்லை. பழைய சட்டத்தின் 436-ஏ பிரிவு, உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரைப் பிணையில் விடவேண்டும் என்றது. அதாவது 3 ஆண்டு 6 மாதம். புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவோ, முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் மூன்றில் ஒரு பங்கு காலம் கழித்தாலே விடுவிக்க வேண்டும் என்கிறது. அதாவது 2 ஆண்டு 4 மாதம். இந்தச் சலுகை, புதிய சட்டம் வருமுன்பே சிறை புகுந்தவர்க்கும் உண்டு என்று 2024 ஆகஸ்டிலே உச்சநீதிமன்றம் தெளிவாக்கியும் விட்டது.

சிறைக் கண்காணிப்பாளரே முன்வந்து நீதிமன்றத்துக்கு எழுதவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. எழுதவில்லை என்றால்? எழுதச் சொல்லிக் கேட்கவேண்டியவர் யார்? அந்தத் தொழிலாளியின் வழக்கறிஞர். அவர் கையிலே இருப்பது பழைய ஏடு என்றால், அந்த ஏழை கூடுதலாகக் கிடக்கப்போவது 14 மாதம்! பதினான்கு மாதக் கூலி போனால் அந்த வீட்டிலே உலை என்ன ஆகும், பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று நாம் விளக்கவேண்டியதில்லை. இதைப் படிக்கும் பாட்டாளித் தோழருக்குத் தெரியும்.

சிறைக் கதவுக்கு வெளியிலே, ஆலைக் கதவுக்கு வருவோம். 2025 நவம்பர் 21-ஆம் நாள், 29 தொழிலாளர் சட்டங்களை மூட்டை கட்டிவிட்டு, நான்கு தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஒன்றிய அரசு. அந்தத் தொகுப்புகளின் நன்மை தீமை தனிக் கதை. தொழிற்சங்கங்கள் அதற்காகப் போராடுகின்றன. நாம் இங்கே சுட்டிக்காட்டுவது ஒன்றே ஒன்று. வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி, 1947-ன் தொழில் தகராறுச் சட்டப்படி நேரே தொழிலாளர் நீதிமன்றம் செல்ல 3 ஆண்டுக் கெடு இருந்தது. புதிய தொகுப்பிலே அது 2 ஆண்டாகச் சுருங்கிவிட்டது. "அவசரப்படாதே அப்பா, இன்னும் ஓராண்டு இருக்கிறது" என்று பழைய நினைப்பிலே ஒரு வழக்கறிஞர் சொன்னால் போதும்; வழக்கு தொடங்குமுன்பே அந்தத் தொழிலாளி தோற்றுப் போவார்.

இப்படிப்பட்ட காலத்திலே, வழக்கறிஞர் தம் அறிவைப் புதுப்பித்துக்கொண்டே தீரவேண்டும் என்று நாட்டிலே விதி இருக்கிறதா? 1961-ன் வழக்கறிஞர் சட்டத்தைப் புரட்டினால் அப்படி ஒரு கட்டாயம் அதிலே இல்லை. சட்டப் பட்டம் பெறவேண்டும்; பதிவு செய்யவேண்டும்; அகில இந்தியத் தேர்வு ஒன்றிலே ஒருமுறை தேறவேண்டும். தேறியபின் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரு புதிய பக்கத்தைப் புரட்டாமலே தொழில் நடத்தலாம், கேட்பாரில்லை!

பேருந்து ஓட்டும் தோழர் உரிமத்தைப் புதுப்பிக்கிறார்; உடல் தகுதிக்கு மருத்துவச் சான்று தருகிறார். மருத்துவருக்கோ, 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளிலேயே, 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குத் தணிக்கை செய்வோர்க்கும் ஆண்டுதோறும் பயிற்சி மணிகள் உண்டு. மனிதனின் சுதந்திரத்தையும் சோற்றையும் கையிலே வைத்திருக்கும் வழக்கறிஞருக்கு மட்டும் வேண்டாமா?

"நாங்கள் நீதிமன்றத்திலே நாள்தோறும் கற்கிறோமே" என்பார் சில மூத்தவர்கள். உண்மை, கற்பவர் கற்கிறார். தீர்ப்பு வந்த மாலையிலேயே அதைப் படித்து முடிப்பவர் நம்மூரிலேயே உண்டு. அவர்களுக்காக நாம் விதி கேட்கவில்லை. கற்காதவரிடம் மாட்டிக்கொள்ளும் கட்சிக்காரருக்காகக் கேட்கிறோம். நாம் சொல்வது கொடி பிடிக்கும் கட்சிக்காரரை அல்ல. வக்காலத்திலே கைநாட்டு வைக்கும் கட்சிக்காரரை! தம் வழக்கறிஞர் புதுச் சட்டம் அறிந்தவரா என்று சோதித்துப் பார்க்க அவரால் முடியுமா? மேலும், வழக்கறிஞர் பணியிலே குறை என்று நுகர்வோர் மன்றம் போகலாம் என்றிருந்த நம்பிக்கைக்கும் 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. வழக்கறிஞர் தொழில் அந்தச் சட்டத்துக்குள் வராது என்பது தீர்ப்பு. அந்தக் கதவு மூடப்பட்டபின், தம் தொழிலின் தரத்தைத் தாமே காக்கும் கடமை வழக்கறிஞர் சமுதாயத்துக்கு இருமடங்காகிவிடவில்லையா?

ஆனால், கட்டாயம் என்ற பெயரால் வெறும் சடங்கு நடத்துவதையும் நாம் ஏற்கமாட்டோம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1975-லேயே கட்டாயத் தொடர்கல்வியைக் கொண்டுவந்தது. 3 ஆண்டுக்கு 45 மணி என்பது அங்கே கணக்கு. இங்கிலாந்திலே சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர்களுக்கு ஆண்டுக்கு 16 மணி என்று இருந்தது. மணிக்கணக்கு இருந்தால் என்ன ஆகும்? ஆண்டு முடியும் நேரத்திலே, தமக்குத் தேவையே இல்லாத பொருள் பற்றிய வகுப்பிலும் உட்கார்ந்து கணக்கை நிரப்பலாம். நாற்காலி நிரம்பும்; அறிவு நிரம்புமா? மணி எண்ணும் முறையை மறு ஆய்வு செய்த இங்கிலாந்து, 2016 நவம்பரிலே அதைக் கைவிட்டது. என் தொழிலுக்கு எந்த அறிவு குறைகிறது, அதை எப்படி நிரப்பினேன் என்று ஒவ்வொருவரும் தாமே ஆராய்ந்து, ஆண்டுதோறும் உறுதி கூறவேண்டும் என்று மாற்றியது. அதிலும் ஓட்டை உண்டு: சோம்பேறி தம்மைத் தாமே ஆராய்ந்தால், குறை ஒன்றும் இல்லை என்றுதானே எழுதுவார்!

எனவே இரண்டையும் பார்த்து, நமக்கேற்ற வழியை நாம் வகுக்கவேண்டும். பெரிய சட்டமாற்றம் வரும்போதெல்லாம், அந்தத் துறையிலே வழக்காடுவோர் அனைவருக்கும் பயிற்சி கட்டாயமாகட்டும். இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் இருப்போருக்கு அது முதற் கடமையாகட்டும். ஏழையின் வழக்கு அங்கேதான் போகிறது. பயிற்சி சென்னையின் நட்சத்திர ஓட்டலிலே வேண்டாம்; தாலுகா நீதிமன்றத்து வளாகத்திலே, தமிழிலே நடக்கட்டும்.

கட்டணம்? கூடவே கூடாது. இளைய வழக்கறிஞர்க்கு மாதம் 15,000 ரூபாயோ 20,000 ரூபாயோ உதவித்தொகை தரவேண்டும் என்று 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே சொல்லவேண்டியிருந்தது என்றால், அவர்கள் வாழும் நிலை நமக்குப் புரியாதா? பாட்டாளியின் வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கறுப்பு அங்கி அணிந்து வந்த பிள்ளையைக் கட்டணம் காட்டி வெளியே தள்ளும் சீர்திருத்தம், சீர்திருத்தம் அல்ல.

கடைசியாக ஒன்று, இதுவே முக்கியமானது. இந்தப் பொறுப்பு வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுக்கும் பார் கவுன்சிலிடமே இருக்கட்டும். ஆள்வோரின் கையிலே போகவே கூடாது. அரசை எதிர்த்து வழக்காடுகிறவரின் உரிமத்தை, பயிற்சிக் கணக்கு சரியில்லை என்று சொல்லி அரசே முடக்கும் நிலை வந்தால், நோய்க்குக் கொடுத்த மருந்து உயிருக்கே உலை வைத்துவிடும்.

வழக்கறிஞர்களை நாம் குறைகூற வரவில்லை. அடக்குமுறை வந்தபோதெல்லாம் காசு வாங்காமல் நம் தோழர்களுக்காக வாதாடியவர்களை நாம் மறக்கவில்லை. அந்த நன்றியோடுதான் கேட்கிறோம். சட்டத்தை மாற்றியவர்கள் டில்லியிலே இருக்கிறார்கள். மாற்றத்தின் சுமையைத் தாங்குகிறவர் சிறையிலே இருக்கிறார், ஆலை வாசலிலே நிற்கிறார். இருவருக்கும் இடையிலே நிற்பவர் நீங்கள். உங்கள் மேசையிலிருக்கும் ஏட்டின் ஆண்டைப் பாருங்கள். 2024-க்கு முந்தியது என்றால், நாளைக் காலை வழக்குக்குப் புறப்படுமுன் புதியதையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய நாள் குற்றத்துக்குப் பழைய சட்டமும் வேண்டும். புதிய நாள் குற்றத்துக்குப் புதிய சட்டமும் வேண்டும். இரண்டும் தெரிந்தவரே இன்று ஏழைக்குத் துணை.

பார் கவுன்சில் விதி வகுக்கட்டும். விதி வரும்வரை ஒவ்வொரு வழக்கறிஞர் சங்கமும் தன் ஊரிலே வகுப்பைத் தொடங்கட்டும். தொடங்குவார்களா?