நமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதியா?

பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் பயில்கின்றனர். அவர்தம் வேற்றுமைகளை என் செய்வது? இன்று இருவகை விடைகள் உரத்து ஒலிக்கின்றன. 'அடையாளங்களை வாயிலிலேயே களைந்து வருக' என்பது ஒன்று. 'நம் பிள்ளைகள் நம்மவர் பள்ளியில் தனியே பயிலட்டும்' என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதல் விடையின் விளைவைக் கர்நாடகத்தில் கண்டோம். 2022 பிப்ரவரியில் அம்மாநில அரசு பிறப்பித்த சீருடை ஆணையால், முக்காடிட்ட மாணவியர் வகுப்பறைக்கு வெளியே நின்றனர். மார்ச்சில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை ஏற்றது. அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்புகள் அளித்தனர். நம் உள்ளம் கொதித்தது, கொதித்தது நியாயமே.

ஆயின், அதே நியாயம் பெரம்பலூர் மாவட்டத்து வி.களத்தூரில் எங்கே போயிற்று? முஸ்லிம்கள் மிகுந்த அவ்வூரில் கோயில் ஊர்வலங்களுக்கு நம்மவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஓரிடத்தில் ஒரு சமயத்தார் மிகுந்திருப்பது பிறர் ஊர்வலத்தைத் தடுக்கக் காரணமாகாது என 2021 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனை நமக்கு நீதிமன்றமா கற்பிக்க வேண்டும்? தெருவில் பெரியவர்கள் காட்டும் வெறுப்பைத்தானே பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்குச் சுமந்து செல்கின்றனர்!

நஜ்ரான் கிறித்தவர்கள் மதீனா வந்தபோது, தம் பள்ளிவாசலிலேயே அவர்கள் வழிபட நபி (ஸல்) அவர்கள் இடமளித்ததாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். மக்கள் பல இனத்தாராய்ப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் தரும் தெளிவு. தனிப்பள்ளியில் அடைத்துவிட்டால் நம் பிள்ளை யாரை அறியும்? கல்வி நிலையம் நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு நமக்கு வழங்கியுள்ளது. அவ்வுரிமை கதவைத் திறப்பதற்கா, அடைப்பதற்கா?

எனவே, பெரம்பலூரிலும் அரியலூரிலும் பள்ளி நடத்தும் நம்மவர்க்கு ஒன்று கூறுவோம். திருநீறு பூசிய பிள்ளை நெற்றியைத் துடைக்காமல் உங்கள் வகுப்பில் அமரட்டும். நம் துஆவை ஓதுமாறு அப்பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். சட்டத்தின் 28ஆம் பிரிவும் அதைத் தடுக்கிறது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பதோ அதற்கும் முந்திய கட்டளை. பிற பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஜும்ஆ நேரத்தையும் முக்காட்டையும் கேட்டுப் பெறுங்கள். தயங்க வேண்டா. ஆனால், பிறர்க்கு மறுத்ததை நமக்குக் கேட்கும் நாவுக்கு வலிமை இராது. நம் மகளின் முக்காட்டுக்கு நாம் கோரும் மதிப்பை, அண்டை வீட்டுப் பிள்ளையின் நெற்றிக்கு முதலில் நாம் அளிப்போம்.